ஒரு ஆள்தானே!

தீபாவளிக்கு முந்தின வாரமே திருப்பூர் காலியாகத் தொடங்கிவிடும். போனஸ் பட்டுவாடா முடிந்து, டெய்லர்களும் கைமடிக்காரர்களும் செக்கிங் பெண்களும் மதுரைக்கும் தேனிக்கும் ஒடிசாவுக்கும் பஸ்ஸோ ரயிலோ ஏறியபின் பனியன் கம்பெனிகளில் வாட்ச்மேன் மட்டும் மிஞ்சுவார். நிட்டிங் மெஷின் சத்தம் இல்லாத திருப்பூரைப் பார்க்க வேண்டுமென்றால் அந்தச் சில நாட்களில்தான் பார்க்க முடியும். வருஷமெல்லாம் ஷிப்மென்ட் தேதியோடு மல்லுக்கட்டிய முதலாளிகள் குடும்பத்தோடு வெளியே கிளம்புவதும் அப்போதுதான். ஒரு காலத்தில் ஊட்டி, கொடைக்கானல். அப்புறம் சிங்கப்பூர். 2023 நவம்பர் 10 முதல் இந்தியர்களுக்கு விசா வேண்டாம் என்று தாய்லாந்து சொன்னபின், புக்கெட்டும் கிராபியும் பக்கத்து ஊர் மாதிரி ஆகிவிட்டன.

புக்கெட்டிலிருந்து ஸ்பீட் போட்டில் பிபி தீவுகளுக்குப் போகும் அப்படியொரு குடும்பத்தை மனதில் கொண்டுவரலாம். அப்பா, அம்மா, பத்து வயதுப் பையன். படகுக்காரர் பிளாஸ்டிக் கூடையிலிருந்து முகக்கண்ணாடியும் வளைந்த மூச்சுக்குழாயும் எடுத்துக் கொடுக்கிறார். கண்ணாடியின் உள்பக்கம் எச்சில் துப்பித் தேய்த்து அலசினால் ஆவி படியாது என்று செய்து காட்டுகிறார். அம்மா முகத்தைச் சுளிக்கிறார். மூன்று பேர் மேலும் வெள்ளை வெளேரென்று சன்ஸ்கிரீன், அதற்கு மேல் ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட். குதித்ததும் அவர்களைச் சுற்றி மெல்லிய எண்ணெய்ப் படலம் பரவி வெயிலில் நிறம் காட்டுகிறது. பையன் முகத்தைத் தண்ணீருக்குள் வைத்த மறு நொடி கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்துவிடுகிறது. மூக்கில் உப்பு ஏறுகிறது. பதறிக் காலை உதறுகிறான். கீழே ஏதோ தட்டுப்படுகிறது.

“பயப்படாத கண்ணு, அந்தப் பாறை மேல நின்னுக்க சாமி!” என்று அப்பா கத்துகிறார்.

பையன் நிற்கிறான். கண்ணாடியைக் கழற்றித் தண்ணீரைக் கொட்டி மறுபடி மாட்டுகிறான். இருபது நொடி இருக்கும். மேலே இருப்பவர்களுக்கு அது ஒரு சம்பவமே இல்லை.

பாறை என்று அவர் சொன்னதில் தப்பில்லை. தமிழில் அதன் பெயரே பவளப்பாறை. இலங்கைத் தமிழர்கள் முருகைக்கல் என்பார்கள். மன்னார் வளைகுடா மீனவர்களுக்கு அது ‘பார்’. மூன்று பெயரிலும் கல்தான் இருக்கிறது, உயிர் இல்லை. செவ்வாய்க்குப் பரிகாரமாக மோதிரத்தில் பதிக்கிறார்களே, அந்தச் சிவப்புப் பவளம் வேறு குடும்பம்; அதற்குப் பேர்போன இடம் மத்தியதரைக் கடல். பையன் நின்றது பாறை கட்டும் பவளத்தின் மேல். அதன் மேல்தோலில் ஆயிரக்கணக்கான பவளப் பூச்சிகள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. பூச்சி என்பது வழக்கில் ஒட்டிக்கொண்ட பெயர். உண்மையில் அவை ஜெல்லிமீனுக்குப் பங்காளிகள். ஒவ்வொன்றும் பெரும்பாலும் சில மில்லிமீட்டர்தான். ஒரு வாய், அதைச் சுற்றிக் கொட்டும் விரல்கள், உள்ளே ஒரு வயிறு, அவ்வளவே உடம்பு. கடல்நீரில் கரைந்துள்ள சுண்ணாம்பைப் பிரித்தெடுத்துத் தனக்கு அடியில் கிண்ணம் கட்டிக்கொள்ளும். கிண்ணத்தின் மேல் கிண்ணமாகக் கட்டிக்கொண்டே போனதுதான் கீழே இருக்கும் கல் முழுவதும்.

பின்னலாடைக்காரருக்கு இதற்கு மேல் விளக்குவது சுலபம். தறித்துணியில் பாவும் ஊடையும் ஒன்றையொன்று தாண்டிப் போகும், அவ்வளவுதான். நிட்டிங் துணியில் ஒரு லூப் அடுத்த லூப்பைப் பிடித்துக்கொண்டு தொங்கும். ஓரிடத்தில் அறுந்தால் கோடு போட்ட மாதிரி கீழே வரை ஓடிவிடும். பவளமும் நிட்டிங் சாதி. ஒரு பூச்சிக்கும் அடுத்ததற்கும் நடுவே மெல்லிய சதை ஓடுகிறது. ஒன்று தின்றதில் மற்றதற்கும் பங்கு போகும். குதிகால் அழுந்தும்போது அந்தச் சதை தன் சொந்தச் சுண்ணாம்பு விளிம்பிலேயே நசுங்கிக் கிழிகிறது. கிழிந்த இடத்தில் பாசி குடியேறலாம், நோய்க்கிருமி புகலாம். சின்னப் புண் சுற்றிலும் பரவலாம். ஆறவும் ஆறலாம். ஆனால் நேரமாகும். உருண்டை வடிவப் பவளங்கள் வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர் போலத்தான் வளர்கின்றன. மான்கொம்புபோல் கிளைவிடும் இனங்கள் 10 சென்டிமீட்டர் வரை போகும், அதே வேகத்தில் ஒடியவும் ஒடியும். பையன் நின்றது தலையணைப் பருமனுள்ள உருண்டை என்றால், அதற்கு அவனைப்போல் இரண்டு மடங்காவது வயதிருக்கும்.

இருபது நொடி நின்ற ஒரு பையனால் பவளத்திட்டு அழிந்துவிடுமா? அழியாது. சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. புயலில் உடைந்து மறுபடி வளர்வது பவளத்துக்குப் பழக்கம். புயல் வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ வரும். படகு தினமும் வரும், ஒரே இடத்துக்கு வரும்.

அதிலும் எல்லோரும் ஒரே மாதிரி இல்லை. கரீபியனில் செயின்ட் லூசியா தீவில் முக்குளிப்பவர்களைப் பின்தொடர்ந்து, யார் எத்தனை முறை பவளத்தைத் தொடுகிறார்கள் என்று எண்ணினார்கள். பார்க்கரும் ராபர்ட்ஸும் செய்த அந்த ஆய்வு 2004-ல் வெளியானது. கேமரா வைத்திருந்தவர்கள் அதிகம் தொட்டார்கள். படகிலிருந்து இறங்கியவர்களைவிடக் கரையிலிருந்து நடந்து இறங்கியவர்கள் அதிகம் தொட்டார்கள். இறங்குமுன் “தொடாதீர்கள்” என்று ஒரு வரி சொல்லி அனுப்பியதால் ஒரு பலனும் இல்லை. தண்ணீருக்கு உள்ளே, தொடப்போகும் நேரத்தில் வழிகாட்டி குறுக்கிட்டபோதுதான் தொடுவது சட்டென்று குறைந்தது. லைன் சூப்பர்வைசர் கூடவே நின்றால் டேமேஜ் குறையும் என்பது எந்தக் கம்பெனியிலும் தெரிந்த விஷயம். சுவரில் ஒட்டிய நோட்டீஸை யார் படிக்கிறார்கள்? ஆனால் நாற்பது பேருக்கு ஒரு வழிகாட்டி என்று டிக்கெட் மலிவாகும்போது குறுக்கிட ஆள் ஏது?

காலைவிடத் துடுப்புக் காலணி மோசம். மாட்டிப் பழகாதவர்கள் சைக்கிள் மிதிப்பதுபோல் மிதிப்பார்கள். அடியில் கிடக்கும் மணல் கிளம்பி மெதுவாகப் பவளத்தின் மேல் இறங்கும். பூச்சி அதைச் சளி சுரந்து சுரந்து தள்ள வேண்டும். படகு நங்கூரம் ஒரே வீச்சில் ஒரு பாத்தியை உழுதுவிடும். ரொட்டித் துண்டு போட்டு மீனைக் கூட்டுவது படகுக்காரர்களின் பழைய வித்தை. பவளத்தின் மேல் வளரும் பாசியை மேய்வதுதான் கிளிமீன் போன்றவற்றின் வேலை. அவை இருக்கிற இடத்தில்தான் குட்டிப் பவளத்துக்கு ஒட்ட இடம் கிடைக்கும். படகு வந்ததும் ரொட்டிக்கு ஓடிவரப் பழகிய மீன் மேய்ச்சலை மறக்கும். இதெல்லாம் கண்ணுக்குத் தெரிவது. தெரியாதது, தீவில் நெருக்கியடித்து நிற்கும் ஹோட்டல்களின் கழிவுநீர். அதிலுள்ள சத்து பாசிக்கு உரம், பவளத்துக்கு எமன்.

சன்ஸ்கிரீன் விவகாரம் இவ்வளவு நேரடியானதில்லை. கிரெய்க் டவுன்ஸ் என்பவரின் குழு 2015-ல் வெளியிட்ட ஆய்வில், பல சன்ஸ்கிரீன்களில் இருக்கும் ஆக்ஸிபென்சோன் என்ற வேதிப்பொருள் பவளத்தின் குஞ்சுகளை உருக்குலைக்கிறது என்று காட்டியது. அதன் பிறகு சட்டங்கள் வரிசைகட்டின. ஹவாய் 2018-ல் சட்டம் போட்டு 2021 ஜனவரி முதல் விற்பனையைத் தடுத்தது. பசிபிக் தீவு நாடான பலாவ் 2020 ஜனவரி முதல் நாடு முழுக்கத் தடை செய்தது. தாய்லாந்து 2021 ஆகஸ்டில் தன் கடல் தேசியப் பூங்காக்களில் ஆக்ஸிபென்சோன் உள்ளிட்ட நான்கு பொருட்களுக்குத் தடை விதித்தது. மீறினால் ஒரு லட்சம் பாட் வரை அபராதம்.

ஆய்வுக்கூடக் குவளையில் கொடுத்த அளவு திறந்த கடலில் எங்கே இருக்கிறது என்று மறுப்பும் எழுந்தது. நியாயமான கேள்வி. கூட்டம் நெரியும் ஆழமில்லாத குடாக்களைத் தவிர மற்ற இடங்களில் அளவு மிகக் குறைவுதான். 2022-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ‘சயன்ஸ்’ இதழில் இன்னொரு முடிச்சை அவிழ்த்தார்கள். பவளத்தின் உறவான கடல் சாமந்தியை வைத்துச் சோதித்தபோது, அது ஆக்ஸிபென்சோனைச் செரிக்க முயன்று அதனோடு சர்க்கரையை ஒட்டவைப்பதும், அப்படி மாறிய பொருள் வெயில் பட்டால் விஷமாவதும் தெரிந்தது. நம் தோலில் வெயிலைத் தடுக்கும் பொருள் அங்கே வெயிலாலேயே கொல்கிறது. கடல் சாமந்தியின் உடம்புக்குள் குடியிருக்கும் நுண்பாசிகள் அந்த விஷத்தைத் தங்களுக்குள் இழுத்து வைத்துக்கொண்டு வீட்டுக்காரரைக் கொஞ்சம் காப்பாற்றுகின்றன. பாசி இல்லாமல் வெளுத்துப்போனவை சீக்கிரம் செத்தன.

வெளுத்துப்போவது என்றால் என்ன என்பதற்குப் பிறகு வருவோம். அதற்கு முன் துணி.

சன்ஸ்கிரீன் பூசாமல் வெயிலில் இறங்கினால் தோல் பொசுங்கும். ஆஸ்திரேலியர்கள் இதற்குக் கண்ட வழி துணி. கையும் கழுத்தும் மூடிய, உடம்போடு ஒட்டிய ‘ரேஷ் கார்டு’. அலைச்சறுக்குப் பலகை உரசித் தோல் சிவக்காமல் இருக்க வந்த சட்டை, வெயிலுக்கும் கேடயமானது. துணி எவ்வளவு புற ஊதாக் கதிரைத் தடுக்கிறது என்று அளக்கும் தரத்தை ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் 1996-ல் கொண்டுவந்தன. அளவின் பெயர் யூபிஎஃப். 50 என்றால் ஐம்பதில் ஒரு பங்கு, அதாவது 2 சதவீதம்தான் உள்ளே போகும்.

திருப்பூருக்குப் பேர் வாங்கித் தந்த வெள்ளைப் பருத்திப் பனியன் இந்தச் சோதனையில் பரிதாபமாகத் தோற்கும். மெல்லிய வெள்ளைப் பருத்தி டி-ஷர்ட்டுக்கு 5-லிருந்து 8 வரை வந்தால் பெரிது; நனைந்தால் இன்னும் இறங்கும். துணியின் இடுக்குகளில் காற்று இருக்கும்வரை ஒளி சிதறும். அந்த இடத்தில் தண்ணீர் புகுந்துவிட்டால் ஒளி தங்குதடையின்றி ஊடுருவும். மழையில் நனைந்த வெள்ளைச் சட்டை உடம்பைக் காட்டிக்கொடுப்பதும் இதனால்தான். இன்னொரு வேடிக்கை: வெளுக்காத பழுப்புப் பருத்தி, வெளுத்த பருத்தியைவிட வெயிலை நன்றாகத் தடுக்கும். அதிலுள்ள இயற்கை நிறமிகள் புற ஊதாவை விழுங்குகின்றன. பெராக்சைடு போட்டு வெளுக்கும்போது அவற்றையும் சேர்த்தே கழுவிவிடுகிறோம். பாலியஸ்டரின் மூலக்கூறில் உள்ள பென்சீன் வளையங்கள் அந்தக் கதிரை இயல்பாகவே பிடித்துக்கொள்கின்றன. நெருக்கமான நிட்டிங், அடர்ந்த நிறம், இரண்டும் சேர்ந்தால் 50 தாண்டும். ஆளுக்குப் பொருந்தாத சின்ன சைஸை இழுத்து மாட்டினால் லூப்புகள் வாய் திறந்து கணக்கு கெடும்.

முழுக்கைச் சட்டையும் கணுக்கால் வரை பேன்ட்டும் போட்டால் உடம்பின் தோலில் பெரும்பகுதி மூடிவிடும். தோல் மருத்துவர்கள் சொல்லும் கணக்குப்படி ஒரு ஆளுக்கு ஒரு தடவைக்கு 30 மில்லி சன்ஸ்கிரீன். இரண்டு மணிக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். சட்டை போட்டவருக்கு முகத்துக்கும் கைக்கும் மட்டும் போதும். தையலில் ஒரு சூட்சுமம் உண்டு. ஓவர்லாக் தையல் உள்பக்கம் தடித்து நிற்கும், உப்புத் தண்ணீரில் கக்கத்தை அறுக்கும். அதனால் இந்தச் சட்டைகளில் துணியைப் பக்கம்பக்கமாக வைத்துத் தட்டையாக அடிப்பார்கள். திருப்பூர் டெய்லரிடம் ‘பேட்லாக்’ என்றால் தெரியும்.

பருத்தியிலேயே வளர்ந்த ஊர் இப்போது பாலியஸ்டர், நைலான், ஸ்பாண்டெக்ஸ் பக்கம் திரும்பப் பார்க்கிறது. உலகச் சந்தையில் செயற்கை இழைக்குத்தான் பங்கு அதிகம். ஆனால் அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. செயற்கை இழைத் துணியைத் துவைக்கும் ஒவ்வொரு முறையும் கண்ணுக்குத் தெரியாத இழைத்துணுக்குகள் தண்ணீரோடு போகின்றன. கடலுக்குள் நுண்துகளாகவே போய்ச் சேரும் பிளாஸ்டிக்கில் 35 சதவீதம் இப்படித் துவைப்பதிலிருந்து வருகிறது என்று 2017-ல் உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயூசிஎன் மதிப்பிட்டது. பவளப் பூச்சி அதை இரை என்று நினைத்து விழுங்குகிறது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் அதே ஆண்டு செய்த சோதனையில், மணலை வாய் வரை கொண்டுபோய் ஒதுக்கிய பவளங்கள் பிளாஸ்டிக் துணுக்கை ருசித்து உள்ளே தள்ளின. ஆக ரேஷ் கார்டு ஒன்றும் புண்ணியச் சட்டை இல்லை. சன்ஸ்கிரீனைவிடத் தேவலை, அவ்வளவுதான்.

இனி வெளுப்பு. திருப்பூரில் ப்ளீச்சிங் என்பது சாயத்துக்கு முந்தின வேலை. கடலில் அதே பெயருக்கு அர்த்தம் வேறு. அங்கே மருந்து எதுவும் கிடையாது. பவளத்தின் சதைக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. வெயிலில் மாவுச்சத்து தயாரித்து, வீட்டுக்காரருக்குத் தேவையான சாப்பாட்டில் பெரும்பகுதியை வாடகையாகக் கொடுக்கின்றன. நாம் ரசிக்கும் பழுப்பும் பச்சையும் பெரும்பாலும் குடித்தனக்காரரின் நிறம். கோடையில் வழக்கமான உச்ச வெப்பத்தைவிட ஒரு டிகிரி கூடி, அது சில வாரம் நீடித்தால் பாசியின் தொழிற்சாலை தடம்புரண்டு நச்சு கக்குகிறது. பவளம் அவற்றை வெளியே துரத்திவிடுகிறது. சாயம் போய், கண்ணாடிபோன்ற சதை வழியாக வெள்ளைச் சுண்ணாம்பு தெரிகிறது. அப்போதும் அது சாகவில்லை, பட்டினி கிடக்கிறது. வெப்பம் சீக்கிரம் இறங்கினால் பாசி திரும்பும்.

மன்னார் வளைகுடாவுக்கு 2010-லும் 2016-லும் இது நடந்தது. தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் தண்ணீருக்குள் இறங்கி அளந்தபோது, 2016-க்கு முன் சுமார் 39 சதவீதமாக இருந்த உயிர்ப்பவளப் பரப்பு வெளுப்புக்குப் பின் சுமார் 23 சதவீதமாகச் சுருங்கியிருந்தது. தூத்துக்குடி முதல் ராமேஸ்வரம் வரை 21 தீவுகள், 117 வகைக் கல்பவளம், 1986-லிருந்து கடல் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி இல்லாமல் அந்தத் தீவுகளில் கால்வைக்க முடியாது. பிபி தீவுகளில் ஒரு நாளில் இறங்குகிற கூட்டத்தை இந்தத் தீவுகள் கண்டதே இல்லை. சுற்றுலாக்காரர் அதிகம் எட்டிப் பார்க்காத பவளம் இது.

எட்டிப் பார்க்காததால் தப்பித்ததா? இல்லை என்பதற்கு விலாங்குச்சல்லியும் பூவரசன்பட்டியும் சாட்சி. 21 தீவுகளில் இரண்டான இவை இப்போது தண்ணீருக்கு அடியில். சுண்ணாம்புக்கும் கார்பைடு, சிமென்ட் தொழில்களுக்கும் பவளத்தை ஆண்டாண்டு காலமாகப் பெயர்த்தெடுத்தார்கள். அலையைத் தடுத்த வேலி போனதும் மணல் தீவு கரைந்தது. 2001-ல் பவளத்தை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்து, புலிக்குச் சமமான பாதுகாப்பு கொடுத்தபிறகே வெட்டுவது நின்றது. தூத்துக்குடிக்குப் பக்கத்திலுள்ள வான் தீவும் கரைந்துகொண்டிருந்தது; 2015-லிருந்து துளைபோட்ட கான்கிரீட் கூடுகளை வரிசையாக இறக்கி அலையை உடைத்துக் காப்பாற்றப் பார்க்கிறார்கள். அந்தக் கூடுகளின் மேல் இப்போது பவளம் ஒட்டி வளர்கிறது.

கடலுக்கு அந்தப் பக்கம் கதை இன்னும் கூர்மையாகத் தெரியும். இலங்கையின் தென்மேற்கில், காலிக்கு முன்னால் ஹிக்கடுவ. 1956-ல் இலங்கைக்குக் குடிவந்த அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் அந்தக் கடலடியில் மயங்கி, அங்கே முக்குளிப்புப் பள்ளியே வைத்திருந்தார். 1979-ல் கடல் சரணாலயம், 2002-ல் தேசியப் பூங்கா. காகிதத்தில் பாதுகாப்பு கூடக்கூட, தண்ணீரில் கண்ணாடி அடிப் படகுகளும் கூடின. முழங்கால் ஆழத்தில் பவளத்தின் மேல் நடந்து பார்த்தவர்கள் ஏராளம். 1998 வெப்பத்தில் அது வெளுத்தபோது பாதிக்கு நெருக்கமாக இருந்த உயிர்ப்பவளம் பத்து சதவீதத்துக்கும் கீழே போய்விட்டது. சுற்றுலா எப்படிப் பவளத்தைத் தின்னும் என்று காட்ட ஆசியாவில் பலரும் கைகாட்டும் இடம் ஹிக்கடுவ.

2004 டிசம்பர் 26 வேறொரு பக்கத்தைக் காட்டியது. ஹிக்கடுவவில் ஆழிப்பேரலை இரண்டு மூன்று மீட்டர் உயரத்தில் வந்து, கரையில் ஐம்பது மீட்டர் போல ஏறி நின்றது. வடக்கே சில கிலோமீட்டர் தள்ளிப் பெரலிய. அங்கே பத்து மீட்டர் உயர அலை ஒன்றரைக் கிலோமீட்டர் உள்ளே போய், கொழும்பிலிருந்து மாத்தறை போன ரயிலைப் புரட்டிப் போட்டது. 1,700-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். உலகத்தின் மிக மோசமான ரயில் விபத்து அது. ஹரிந்திர ஃபெர்னாண்டோ என்ற இலங்கை விஞ்ஞானி உள்ளிட்ட குழு 2005-ல் இந்த வித்தியாசத்துக்குக் காரணம் தேடியது. பெரலியவுக்கு முன்னாலிருந்த பவளத்தை வெடிவைத்தும் பெயர்த்தும் எடுத்திருந்தார்கள் என்றது. ஹிக்கடுவவின் பவளம் செத்தும் சிதைந்தும் இருந்தாலும், கல்லாக அங்கேயே நின்றது. அதைப் பெயர்க்க விடாமல் கரையிலிருந்த ஹோட்டல்களும் படகுக்காரர்களும் காவல் காத்தார்கள். காசு வரும் இடமாயிற்றே.

சுற்றுலாவை வில்லனாக எழுதிவிட்டுப் போகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். உலகம் முழுக்கப் பவளத்தை நம்பி நடக்கும் சுற்றுலாவின் மதிப்பு ஆண்டுக்கு 3,600 கோடி டாலர் என்று 2017-ல் ஒரு கணக்கு வந்தது. அவ்வளவு பணம் ஒரு கல்லைக் காக்கவும் முடியும், தேய்த்துத் தீர்க்கவும் முடியும். எது நடக்கும் என்பது இறங்குகிறவரின் நல்ல மனதைப் பொறுத்ததாகத் தெரியவில்லை. எத்தனை பேர், எந்த வழியாக, எவ்வளவு நேரம், கழிவு எங்கே போகிறது: பிளம்பர் கேட்கும் கேள்விகள்தான் இங்கே வேலைக்காகும்.

திருப்பூர் இதை வேறொரு தண்ணீரில் படித்த ஊர். பருத்தியில் சாயம் ஏற உப்பு வேண்டும். வேலை முடிந்ததும் அந்த உப்பு அப்படியே தண்ணீரில் நிற்கும். சுண்ணாம்பு போட்டு நிறத்தை எடுத்தாலும் உப்பு போகாது. எந்தச் சாயப்பட்டறைக்காரரைக் கேட்டாலும் “என் பட்டறைத் தண்ணி எத்தன? எல்லாரும்தான் உடறாங்க” என்பதே பதிலாக இருந்தது. அது பொய்யும் இல்லை. ஒவ்வொன்றும் சின்னதுதான். நூற்றுக்கணக்கில் சேர்ந்தபோது நொய்யல் செத்தது. பாசனத்துக்கென்று 1992-ல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயத் தண்ணீர்த் தொட்டியானது. கீழே கிணறுகள் உப்புக் கரித்தன. விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரி கடைசியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஊரே ஸ்தம்பித்தது. சாயத்துக்குத் துணியை லாரியில் ஏற்றி வெளியூர்களுக்கு ஓடினார்கள். திறந்தபோது விதி ஒன்றுதான்: ஒரு சொட்டும் வெளியே போகக் கூடாது. சவ்வு வடிகட்டியும் ஆவியாக்கும் கொப்பரையும் வைத்துத் தண்ணீரில் 90 சதவீதத்துக்கு மேல் திருப்பி எடுத்து மறுபடி சாயத்துக்கே விட்டார்கள். உப்பில் ஒரு பங்கும் திரும்ப வந்தது.

பிபி லே தீவின் மாயா விரிகுடாவுக்கும் கிட்டத்தட்ட இதேதான் நடந்தது. 2000-ல் லியனார்டோ டிகாப்ரியோ நடித்த ‘தி பீச்’ படம் வந்தபின் அந்தக் குட்டிக் கடற்கரைக்குக் கூட்டம் ஏறிக்கொண்டே போய், ஒரு நாளைக்கு 5,000 பேர் வரை தொட்டது. படகுகள் நேராகப் பவளத்தின் மேலேறி மணலில் மூக்கை வைத்தன. 2018 ஜூனில் மூடினார்கள். முதலில் நான்கு மாதம் என்றார்கள்; போதாது என்று காலவரையின்றி நீட்டினார்கள். உடைந்த பவளத்தைத் துண்டு துண்டாக ஒட்டவைத்தார்கள். கருந்துடுப்புச் சுறாக்கள் தாமாகவே திரும்பி வந்தன.

2022 ஜனவரியில் திறந்தபோது குழாய் வேலை முடிந்திருந்தது. படகு இப்போது விரிகுடாவுக்குள் வராது. தீவின் பின்பக்கம் மிதவைத் துறையில் நிற்கும். அங்கிருந்து பலகைப் பாதையில் நடந்து முன்பக்கம் வர வேண்டும். ஒரு நேரத்தில் 375 பேர், ஒரு மணி நேரம். நீச்சல் கிடையாது. அந்தமானின் வண்டூரில் ஜாலி பாய் தீவை நவம்பர் முதல் மே வரை மட்டும் திறந்துவிட்டு, மற்ற மாதங்களில் ஆட்களை ரெட்ஸ்கின் தீவுக்கு அனுப்புகிறார்களே, அந்த மாதிரி மாயாவுக்கும் வருஷத்துக்கு இரண்டு மாதம், ஆகஸ்டும் செப்டம்பரும், ஓய்வு.

வெப்பத்துக்கு இப்படி ஒரு பின்வாசல் துறை கட்ட முடியாது. 2024 ஜனவரியில் பிரதமர் லட்சத்தீவுக் கடலில் மூச்சுக்குழாயோடு மிதந்த படங்கள் வந்ததும், அங்கே போக வழி என்ன என்று நாடே இணையத்தில் தேடியது. அந்தச் சமயத்தில் அந்தக் கடல் ஏற்கெனவே காய்ச்சலில் இருந்தது. 2023 அக்டோபர் கடைசியிலிருந்தே வழக்கத்துக்கு மீறிய வெப்பம் என்று கொச்சியிலுள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம் பிற்பாடு சொன்னது; பவளம் பரவலாக வெளுத்தது. 2024 ஏப்ரலில் அமெரிக்காவின் கடல், வளிமண்டல அமைப்பான நோவா உலகளாவிய நான்காவது வெளுப்பை அறிவித்தது. 2025-க்குள் உலகப் பவளப் பரப்பில் 84 சதவீதம் அந்த வெப்பத்தைப் பார்த்துவிட்டது. மூச்சுக்குழாயோடு மிதக்கிறவருக்கு இதில் பங்கில்லை என்று சொல்ல முடியாது, அவர் கரிப்புகை கக்கும் விமானத்தில்தானே வந்தார். சட்டையை மாற்றித் தீர்க்கிற பங்கும் இல்லை அது. நோயாளிக்குக் காய்ச்சல் அடிக்கும்போது மேலே ஏறி மிதிக்காமல் இருக்கலாம்; புண்ணில்லாத, சுத்தமான தண்ணீரில் இருக்கிற பவளம் வெளுப்பிலிருந்து எழுந்து வரச் சற்றுக் கூடுதல் வாய்ப்பு இருக்கிறது.

மாயா விரிகுடா ஒவ்வொரு ஆண்டும் அக்டோபர் முதல் தேதி திறக்கும். தீபாவளி அதற்குச் சில வாரம் தள்ளி வரும். இரண்டு மாதம் ஆள் இல்லாமல் தெளிந்த தண்ணீரில், கரையோரம் முழங்கால் ஆழத்தில், முழ நீளச் சுறாக் குட்டிகள் துடுப்பு நுனியில் கறுப்பு மை தொட்டதுபோல் வளைய வந்துகொண்டிருக்கும். பலகைப் பாதை வழியாக வந்த திருப்பூர்ப் பையன் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்குவான். முழங்காலைத் தாண்டியதும் காவலர் விசில் அடிப்பார். திரும்பிப் பார்க்கிற அவனை அப்பா கரையிலிருந்து கையசைத்துக் கூப்பிடுவார்: “அவ்வளவுதான் கண்ணு, அங்கயே நின்னு பாரு.”